மெட்டு ஏறும் முன் ஆயில் மட்டம்

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியலிலேயே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கி மலைக்குக் கிளம்புகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எந்த வழியில் போனாலும் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும்தான். பாலக்காட்டுக் கணவாயின் சமதளச் சாலையில் ஆயில் சற்றுக் குறைந்தாலும் சமாளித்துவிடும் இன்ஜின், இந்த மலையில் காலை வாரிவிடலாம்.

காரணம் இன்ஜினுக்கு அடியில் இருக்கிறது. அங்குள்ள சம்ப் தொட்டியிலிருந்துதான் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கும். வேகமாக வளைந்தால் பக்கவாட்டில் ஒதுங்கும். ஆயில் போதிய அளவு இருந்தால் உறிஞ்சுகுழாயின் வாய் மூழ்கியே இருக்கும். குறைந்திருந்தால் பம்ப் சில நொடிகள் காற்றை இழுக்கும்.

அந்தச் சில நொடிகள் ஏன் ஆபத்து? 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் ரயில் அச்சுத் தாங்கிகளை, அதாவது பேரிங்குகளை, சோதித்தார். சுழலும் அச்சு தன் அசைவாலேயே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, பெரும் அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்வதைக் கண்டார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். உங்கள் கார் இன்ஜினின் சுழல் அச்சான கிராங்க் ஷாஃப்டும் இப்படித்தான், தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. படலம் அறுந்தால் இரும்பும் பேரிங்கும் உரசிச் சூடேறும். முற்றினால் இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும்.

ஆகவே மலையேறும் முன் ஆயிலைப் பார்ப்பது அவசியம். அதைச் சரியாகப் பார்ப்பது அதைவிட அவசியம். சரிவில் நிற்கும் வண்டியில், ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக் பொய் சொல்லும். வண்டி 5 டிகிரி சாய்ந்திருந்து, டிப்ஸ்டிக் தொட்டியின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், ஆயில் மட்டம் ஏறக்குறைய 1.75 செ.மீ. மாறித் தெரியும். பல கார்களில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே போடிமெட்டு ஏறுவோருக்கு முந்தல், குமுளி ஏறுவோருக்கு லோயர் கேம்ப், நெல்லியாம்பதிக்கு ஏறுவோருக்கு நெம்மாரா என அடிவாரத்திலேயே சமதளம் பார்த்து நிறுத்துங்கள்.

வெப்பமும் கணக்கில் வரும். 4 லிட்டர் ஆயில் 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 200 மி.லி. விரிவடையும். ஓடும் இன்ஜினில் ஆயிலின் ஒரு பகுதி மேலே தங்கியிருக்கும். அது வடிய நேரம் வேண்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் பொறுத்துப் பார்ப்பது சரி. சில இன்ஜின்களுக்கு விதி வேறு. வண்டியோடு வந்த கையேடு சொல்வதே இறுதி.

டிப்ஸ்டிக்கை முதலில் உருவியதும் தெரிவதை நம்ப வேண்டாம். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயில் அதில் பூசியிருக்கும். பஞ்சு உதிராத துணியால் துடைத்து, கடைசிவரை அழுத்திச் செருகி, மீண்டும் உருவிப் பாருங்கள். முனை கீழே இருக்கட்டும். தூக்கிப் பிடித்தால் ஆயில் வழிந்து கோடு மாறும். இரு பக்கமும் வெவ்வேறாகத் தெரிந்தால் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றி, இடையிடையே அளந்து பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. மிக அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்குப் படலத்தைத் தாங்கும் வலு இல்லை. ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் டீசலோ கூலண்டோ கலந்திருக்கலாம். பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி ஏறுவோர் உண்டு. பல வண்டிகளில் அது அழுத்தம் விழுந்த பிறகே எரியும். அதற்குள் சேதம் தொடங்கியிருக்கலாம். நிறைய ஆட்களோடு மலையேறும் வண்டிக்குப் பத்து நிமிடத் தாமதம் பெரிதல்ல.