விற்பனை ஏடு சொல்லாத கணக்கு

நாம் கடன் வசதி அளித்துவரும் சில்லறை வணிகர்களில் பலர், சென்ற மாத விற்பனையைக் கொண்டே அடுத்த மாதக் கொள்முதலைத் தீர்மானிக்கின்றனர். எளிய முறைதான். ஆயினும், கேட்ட பொருள் இல்லாதபோது வாடிக்கையாளர் மாற்றுப் பொருளை வாங்கிச் செல்வதை இம்முறை கணக்கில் கொள்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மளிகைக் கடையில் வாரந்தோறும் 60 பேர் ‘அ’ நிறுவனத்தின் துவரம்பருப்பையும், 40 பேர் ‘ஆ’ நிறுவனத்தின் பருப்பையும் கேட்கின்றனர். ஒரு வாரம் ‘அ’ 45 பொட்டலங்களும் ‘ஆ’ 50 பொட்டலங்களும் இருப்பில் உள்ளன. ‘அ’ கிடைக்காத 15 பேரில் 9 பேர் ‘ஆ’வை வாங்குகின்றனர், 6 பேர் வேறு கடைக்குச் செல்கின்றனர். ஏட்டில் ‘அ’ 45, ‘ஆ’ 49 எனப் பதிவாகிறது. இதுவே தேவை எனக் கருதி அவ்வளவே தருவித்தால், மறுவாரமும் ‘அ’ தீர்ந்துபோகும். வெளியேறிய அறுவரோ பருப்பை மட்டுமன்றி, எண்ணெய், சர்க்கரை என முழுப் பட்டியலையும் வேறு கடையில் வாங்கியிருப்பர்.

மாற்றுப் பொருளின் விற்பனை பெரும்பாலும் இரவல் விற்பனையே. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் நாடெங்கும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, பலர் பிற நூடுல்ஸ்களை வாங்கினர். நவம்பரில் அது மீண்டும் விற்பனைக்கு வந்ததும், விரைவிலேயே தன் முதலிடத்தை மீட்டுக்கொண்டது.

எனவே, மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்த ஒவ்வொரு முறையும் அதனை ஒரு குறிப்பேட்டில் பதிக. கேட்ட பொருள், மாற்றாக வாங்கிய பொருள் அல்லது வாங்காமல் சென்ற விவரம் ஆகியன போதும்.

இரண்டாவது, மாற்று ஏற்கப்படாத பொருள்களைப் பிரித்தறிக. குழந்தைகளுக்கான பால்மாவில் வேறொன்றைப் பெற்றோர் ஏற்கமாட்டார். அதற்குக் கூடுதல் இருப்பு வேண்டும். தீப்பெட்டி, உப்பு போன்றவற்றில் ஒன்றில்லையேல் மற்றொன்றை ஏற்பர். எல்லா நிறுவனப் பொருள்களிலும் மிகையிருப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது, தட்டுப்பாடு நீங்கியவுடன் மாற்றுப் பொருளின் கொள்முதலைக் குறைத்திடுக.

இதில் வங்கிக் கணக்கும் அடங்கியுள்ளது. ரொக்கக் கடனில் எடுக்கத்தக்க தொகை, இருப்பு அறிக்கையின் மதிப்பிலிருந்து விளிம்புத் தொகையைக் கழித்தே கணக்கிடப்படுகிறது. காலாவதியான, விலைபோகாத சரக்கு அதில் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் அதற்காக எடுத்த பணத்திற்கு வட்டி நாள்தோறும் ஏறும். தவறான கொள்முதல், வரம்பைக் குறைத்து வட்டியையும் கூட்டுகிறது.

நான்கு வாரங்கள் இக்குறிப்பேட்டைப் பேணி, கடன் புதுப்பிப்பின்போது கிளைக்கு எடுத்து வருக. தங்கள் கடையின் உண்மையான தேவையைத் தாங்களும் நாமும் சேர்ந்து மதிப்பிட அது துணைபுரியும்.