சூலகம் முறுக்கிக்கொண்டால்

சூலக நீர்க்கட்டிகளுள் பெரும்பாலானவை தாமே மறைந்துவிடும். எனினும், 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டி தன் பளுவால் சூலகத்தை அதன் காம்போடு முறுக்கிவிடக்கூடும். முதலில் சிரைகள் அடைபட்டுச் சூலகம் வீங்கும். பின்னர்த் தமனியும் அடைபட்டால் திசு மடியத் தொடங்கும்.

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் தோன்றுதல் இதன் அறிகுறி. வலி இடையே தணிந்தாலும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாகாது. கட்டி வெடித்து உள்ளே குருதி பெருகினால் உடல் வெளிறி மயக்கம் வரும். பள்ளிச் சிறுமியரிடம் இதனை மாதவிடாய் வலியென்று கருதிவிடுதல் எளிது.

ஒத்தடம் கொடுத்துக் காத்திராமல், உண்ணவும் பருகவும் எதுவும் தராமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புக. அங்கு ஸ்கேன் செய்து, வயிற்று உள்நோக்கியின் துணையால் முறுக்கை அவிழ்ப்பர். கறுத்துத் தோன்றும் சூலகமும் பெரும்பாலும் மீளுமாதலால், அதனை அகற்றாது காப்பதே இன்றைய முறை. அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் அரியது.