கோமாளி மீனோடு எதை வளர்க்கலாம்?

கோமாளி மீன் டாம்செல் குடும்பத்தைச் சேர்ந்தது. இடத்துக்காகச் சண்டை பிடிப்பது அந்தக் குடும்பத்தின் குணம். ஆகவே கடல்நீர்த் தொட்டிக்குத் துணை மீன் தேடும்போது, கோமாளியைத் தின்னும் மீனை ஒதுக்குவது மட்டும் போதாது. கோமாளி துரத்தும் மீனையும் ஒதுக்க வேண்டும்.

ஒரு தொட்டிக்கு ஒரே இனத்தில் ஒரு ஜோடிதான் கணக்கு. பெரியது பெண், அடுத்தது ஆண். சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பைப் படபடவென நடுக்கினால் பணிந்துவிட்டது என்று பொருள். மூன்றாவது கோமாளி வந்தால் பெரும்பாலும் அடிபட்டே சாகும். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் 'சீபே' இனம் 16 செ.மீ. வரை வளரும், 'நீமோ' என்று விற்கப்படும் ஆசெல்லாரிஸ் 11 செ.மீ.யைத் தாண்டாது. இரண்டையும் சேர்த்து விடுவது சின்னதைக் கொல்வதற்குச் சமம்.

கோமாளி தன் மூலையை விட்டு அதிகம் நகராது. அடித்தரையில் திரியும் உளுவை வகைகள், பாறைப் பொந்தில் ஒண்டும் பிளெனி, அமைதியான கார்டினல் மீன், துப்புரவு இறால் ஆகியவை அதன் வழிக்கு வருவதில்லை. நீல டாம்செல் மலிவு, சாகாது என்று கடைக்காரர் தள்ளிவிடுவார். சின்னத் தொட்டிக்கு அது ஆகாது. முட்டையிட்ட நாட்களில் ஆண் கோமாளி வளர்ப்பவர் கையையே கடிக்கும். அப்போது நல்ல துணைகூட ஒதுங்க இடம் வேண்டும்.

புதுச்சேரி பாகூர் கொம்யூனின் மூர்த்திக்குப்பம் போன்ற கரைகளில் வலையில் சிக்கும் களவா, கிளாத்திக் குஞ்சுகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தால் களவா கோமாளியை விழுங்கும்; கிளாத்தி இறாலை உடைத்துத் தின்னும். அஞ்சாலையும் ஆகாது. கடல் குதிரை மெல்லத் தின்னும் பிராணி, கோமாளியோடு போட்டியிட்டுப் பட்டினி கிடக்கும். அதைவிட முக்கியம், 2001 முதல் அதுவும் பாறை கட்டும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. கடலில் கோமாளி ஒண்டியிருக்கும் கடல் சாமந்தியும் தொட்டியில் கட்டாயமில்லை; அது இல்லாமலும் கோமாளி நன்றாகவே வாழும்.

நீரையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் தென்பெண்ணை முகத்துவாரம் அருகே எடுக்கும் கடல்நீரில் உப்பு குறைந்திருக்கும். மீனுக்கு முன்னே இறால் சாகும். வில்லியனூர் போன்ற, கடற்கரையிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் செயற்கைக் கடல் உப்பைக் கரைத்துக்கொள்வதே உசிதம்.

தொட்டியில் நல்ல பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் விட்டு, சாதுவான மீன்களை முதலிலும் கோமாளி ஜோடியைக் கடைசியிலும் விட வேண்டும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் கோமாளியைக் குஞ்சு பொரிக்க வைத்துள்ளன. பொரிப்பகத்தில் பிறந்த மீன், கடலில் பிடித்ததைவிடத் தொட்டிக்கும் தீனிக்கும் சீக்கிரம் பழகும்.