பெயரை நீக்கினால் ஆள் மறைவாரா?

2020-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஊரடங்கினால் வெளி மாநிலங்களில் தங்க நேர்ந்தவர்கள் கேரளம் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் நுழைவதற்கெனக் குறிக்கப்பட்ட எல்லைச் சாவடிகளுள் பாலக்காட்டு மாவட்டத்தின் வாளையாறும் இடுக்கி மாவட்டத்தின் குமுளியும் அடங்கும். வருவோர் தம் விவரங்களை முன்னதாக இணையத்தில் பதிந்து, அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது.

இத்தகைய விவரங்கள் எங்கே சென்று சேர்கின்றன என்ற வினா அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே உயர் நீதிமன்றத்தை எட்டியிருந்தது. வீட்டுத் தனிமையில் இருந்தோரின் உடல்நிலை விவரங்கள் ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளில் சேர்க்கப்பட்டு வந்தன. ஏப்ரல் 24-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகளை நீக்கிய பின்னரே கம்பெனி அவற்றைக் காணலாம், வெளியார் காணக்கூடும் என்பதை மக்களுக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும், வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது. விவரங்கள் ஸி-டிட் என்னும் அரசு நிறுவனத்தின் வசம் மாற்றப்பட்டுவிட்டன என்று அரசாங்கம் மே மாதத்தில் தெரிவித்தது.

அடையாளம் நீக்குதல் சொல்வதற்கு எளிது. பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை இட்டுவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். 1990-களில் அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்பவர், பெயரற்ற மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டு, மாஸசூஸட்ஸ் மாநிலக் கவர்னரின் பதிவையே கண்டெடுத்தார். பிறந்த தேதி, பால், அஞ்சல் எண் ஆகிய மூன்றுமே அவருக்குத் துணை. தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் அத்தனை முயற்சியும் வேண்டுவதில்லை. ஒரு லயத்தில் நீரிழிவுள்ள 67 வயது மூதாட்டி ஒருவரே இருப்பின், பெயர் எதற்கு? ஆகவே வெளியே அனுப்பும் பட்டியலில் வயதை ‘60-க்கு மேல்’ என்றும், இடத்தை லயமாக அன்றி ஊராட்சியாகவும் குறிப்பது நலம். பட்டியலின் நுட்பம் சற்றுக் குறையும். மூதாட்டியின் அந்தரங்கம் காக்கப்படும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பை அளிக்கிறது. சித்தூர்த் தாலுகாவிலும் மூணாற்றிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியோருக்கு இது சிறு சலுகை அன்று. படிக்க இயலாத தாளில் இட்ட கைந்நாட்டை ஒப்புதல் என்பது எங்ஙனம்? ஆயினும் தொற்றுநோய்க் காலத்தில் சிகிச்சைக்கென ஒப்புதலின்றியே விவரம் பெற அதே சட்டம் இடமளிக்கிறது. அப்போது விளக்கம் கூற வேண்டியவர், படிவத்துடன் வாயிலில் நிற்கும் ஊழியரே ஆவார். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பும் ஒப்புதலும் பற்றிய பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாதத் தவணை அளிக்கப்பட்டது.