ஓடிய வண்டியா, ஊறிய வண்டியா?

நாவலூர் பக்கம் பழைய லோடு வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் முகம் சுருங்கிவிடும். 70,000 என்று காட்டினால் அட்வான்ஸ் கொடுக்கக் கை பரபரக்கும். பழைய மாமல்லபுரம் சாலையில் உழைத்த வண்டிகளுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. ஓடித் தேய்ந்த வண்டியைவிட, தண்ணீரில் ஊறிப் போன வண்டிதான் இங்கே வாங்குகிறவரின் பணத்தைத் தின்கிறது.

"சிங்கிள் ஓனர்ணே. கேன் மட்டும்தான் அடிச்சோம், லாங் போனதே இல்லை" என்று விற்பவர் சொல்வார். அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். பயம் அந்தக் கேனில்தான் இருக்கிறது.

சிறுசேரியிலிருந்து படூர் வரை அடுக்குமாடி வீடுகளின் குடிநீர் பெரும்பாலும் 20 லிட்டர் கேனில்தான் வந்து இறங்குகிறது. நிரம்பிய கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட சுமை முக்கால் டன். அப்படியானால் ஒரு குட்டி யானை 36 கேன் ஏற்றலாம். சாலையில் போகிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள், 50, 60 என்று இரண்டடுக்காக நிற்கும். ஏகாட்டூரில் ஒரு கேட், தாழம்பூரில் ஒரு கேட் என்று நாள் முழுக்க நின்று நின்று கிளம்பும். தூரம் சேராது, கிளட்சும் செல்ஃப் மோட்டாரும் ஸ்பிரிங் பட்டையும் தேய்ந்துகொண்டே இருக்கும். கேனிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் லோடு பாடியின் பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் சொட்டும். காய்வதற்குள் அடுத்த நடை வந்துவிடும்.

திண்டிவனத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றி, ராத்திரியெல்லாம் டாப் கியரில் ஒரே சீராக வரும் அசோக் லேலண்ட் தோஸ்த்தை இதோடு வைத்துப் பாருங்கள். இன்ஜின் அளவான சூட்டிலேயே ஓடும், ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் 3 லட்சம் கிலோமீட்டரிலும் வண்டி கெட்டியாக இருக்கும். இரண்டில் ஒன்று வாங்கச் சொன்னால் நான் யோசிக்காமல் தோஸ்த்தின் சாவியைத்தான் கேட்பேன்.

கேன் வண்டியையும் மிஞ்சியது மீன் வண்டி. கோவளத்திலோ காசிமேட்டிலோ ஐஸ் போட்டு ஏற்றிய பெட்டிகளிலிருந்து வழிவது உப்புத் தண்ணீர். வாடையை பினாயில் ஊற்றிக் கழுவிவிடலாம். சேஸிஸின் உள்மடிப்பில் இறங்கிய உப்பைக் கழுவ வழியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் திறந்த வெளியில் நின்ற வண்டிக்கும் கடற்காற்று ஏறக்குறைய இதையே செய்யும்.

அடுத்தது வெள்ளம். இதைச் சொல்லாமல் தென்சென்னைப் புறநகரில் வண்டி வியாபாரம் பேசவே கூடாது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, பள்ளிக்கரணை. நிறுத்தியிருந்த வண்டிகள் நின்ற இடத்திலேயே நாள் கணக்கில் ஊறின. அப்படி ஊறியதை டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, புது சீட் கவர் போட்டு விற்கலாம். ஆர்.சி.யில் 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. எத்தனை ஓனர், ஃபைனான்ஸ் உண்டா, எஃப்.சி. எது வரை என்றெல்லாம் சொல்கிற அந்தத் தாள், வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த ஒன்றை மட்டும் சொல்வதில்லை. இது பெரிய அநியாயம். டிஎன் 11, 14, 22 பதிவெண் கொண்ட வண்டி, 2023 டிசம்பருக்கு முந்தையது என்றால், அந்த டிசம்பரில் எங்கே நின்றது என்று நேருக்கு நேர் கேளுங்கள். முழுக் காப்பீடு எடுத்த வண்டியானால் 2024 பாலிசியை வாங்கிப் பாருங்கள். அதே ஓனர், அதற்கு முந்தைய ஆண்டு இருந்த நோ கிளெய்ம் போனஸ் மட்டும் திடீரென்று காணோம் என்றால், இடையில் ஏதோ நஷ்டஈடு வாங்கியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பார்க்கப் போகும்போது ஒரு சாக்கு, ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தி எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கை விரித்து அடியில் படுங்கள். பழைய வண்டியின் அடிப்பக்கம் புத்தம் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மினுமினுத்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட், அதற்கு மேலே சேஸிஸ் வளைகிற இடம், குறுக்குச் சட்டம் சேர்கிற மூலை ஆகியவற்றைச் சுத்தியால் தட்டுங்கள். கெட்டி இரும்பு 'டங்' என்று பேசும். உளுத்தது 'டொக்' என்று அமுங்கும். மேலாகப் படிந்த செந்தூள் பரவாயில்லை, தேய்த்துவிட்டு கோட்டிங் அடிக்கலாம். அப்பளம் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தால் எழுந்துவிடுங்கள். தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தாலும் அப்படித்தான். சேஸிஸ் நம்பர் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒவ்வோர் எழுத்தும் விழுகிறதா பாருங்கள். துரு தின்ற நம்பரோடு எஃப்.சி.க்குப் போனால் அலைச்சல்தான். 8 வயது தாண்டிய லோடு வண்டிக்கு அந்த எஃப்.சி. வருஷா வருஷம் எடுத்தாக வேண்டும்.

பலரும் கைவைக்காத இடம் டிஃப்ரென்ஷியல். ஓடிச் சூடேறிய வண்டி திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். மேலே உள்ள பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விடுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் ஒட்டினால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. விற்பவர் நேற்றுதான் ஆயில் மாற்றினேன் என்று சொன்னால் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள்.

கேபினுக்குள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், அதைத் துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஃபியூஸ் பெட்டியிலும் ஒயர் கப்ளரிலும் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் சென்சாரும் ஒயரும் அதிகம். அவற்றில் ஈரம் இறங்கினால் இன்று ஒரு கோளாறு, அடுத்த வாரம் வேறொன்று என்று வண்டி ஷெட்டிலேயே நிற்கும்.

இன்ஜினை முதலில் பார் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. பாருங்கள், தப்பில்லை. காலையில் குளிர்ந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று பார்த்தால் போதும். இன்ஜின் போனால் போர் அடித்து எழுப்பிவிடலாம், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம். உளுத்த சேஸிஸ் மேல் ஒன்றரை டன் ஏற்றி, கேளம்பாக்கம் சிக்னலில் பிரேக் அடிக்கப் போவது நீங்களோ உங்கள் டிரைவரோதான்.

தாள் வேலை வழக்கம்போல. கடன் அடைந்தது என்று ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35ஐக் கையில் வாங்கிக்கொண்டு மீதித் தொகையைக் கொடுங்கள். அபராதச் செலான் பாக்கி இருக்கிறதா பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

வண்டியைக் கழுவி வைக்காமல் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து சர்வீஸ் ஸ்டேஷனில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், செலவு என்னுடையது என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளிடம் விலை பேச உட்காராதீர்கள்.