முற்றுகைக்கு நடுவே ஒரு புலவர்

ஆட்சியும் போரும் பற்றிய பழந்தமிழ்ப் பாடல்களைப் பரீட்சைக்கென்று படிப்போர் பெரும்பாலும் ஒரே வகையான குறிப்பேட்டை வைத்திருப்பர். பாடினார் இன்னார், பாடப்பட்டார் இன்னார், திணை இது, துறை இது, பொழிப்பு இது; இறுதியிலே, சங்கப் புலவர் மன்னருக்கு அஞ்சாது அறிவுரை கூறினர் என்று ஒரு வாக்கியம். இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆயினும் அந்த இறுதி வாக்கியத்தைப் புறநானூற்றுப் பாட்டுக்கள் பலவற்றுக்கும் மாற்றமின்றி எழுதிவிடலாம். வினாத்தாளிலே கேட்கப்பட்ட பாட்டை எழுதியவர் படித்தாரா என்பது அதனால் விளங்காது.

ஆகவே இன்று நான்கு பாட்டுக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். புறநானூற்றில் 44 முதல் 47 வரை அடுத்தடுத்து வருவன அவை. நான்கும் கோவூர்கிழார் பாடியவை. நான்கிலும் வலியுடையவர் முன்னே, படை எதுவும் இல்லாத புலவர் நின்று பேசுகின்றார். ஒவ்வொரு முறையும் அவர் வேறொரு நியாயத்தை எடுத்துரைக்கின்றார். எவரிடத்தில் எதைச் சொன்னாற் செல்லும் என்று அவர் தேர்ந்துகொள்வதை உற்று நோக்கினால், பாட்டுத் தானே வழிவிடும்.

சோழர் குடியிலே நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்னும் இருவருக்கிடையே பகை மூண்டது. நலங்கிள்ளியின் பக்கத்துப் படை ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருந்துவிட்டான். 44ஆம் பாட்டு அவனை நோக்கியது. புலவர் முதலில் யானைகளைப் பற்றிப் பேசுகின்றார். அவை பிடிக்கூட்டத்தோடு குளத்தில் நீராடவில்லை. நெற்கவளமும் நெய் கலந்த உணவும் பெறவில்லை. கட்டுத்தறி வருந்தச் சாய்ந்து, துதிக்கை நிலத்திற் புரளப் பெருமூச்செறிந்து, இடிபோல் முழங்குகின்றன. பின்னர்க் குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. பெண்கள் பூவின்றி வெறுந்தலையை முடிக்கின்றனர். நீரில்லாத நல்ல வீடுகளிலிருந்து அழுகுரல் கேட்கின்றது.

இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். பூவில்லாத கூந்தல் ஒன்றொழிய மற்றவையெல்லாம் ஓசைகள். மதிலுக்குப் பின்னே ஒடுங்கிய மன்னன் வெளியேயுள்ள பகைவனைக் காணாதிருக்கலாம். தன் ஊரின் ஓசையைக் கேளாதிருத்தல் இயலாது. புலவர் அதனைக் கேட்கச் செய்துவிட்டு, அதன் பின்பே தம் கருத்தைச் சொல்கின்றார். அறவழியில் நிற்பவனாயின், உனதே இது என்று பகைவனுக்குக் கதவைத் திற. மறவழியில் நிற்பவனாயின், போருக்கென்று திற. இரண்டுமின்றி மதிலின் ஒருபுறத்தே ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது. சரணடை என்றும் அவர் வற்புறுத்தவில்லை, போரிடு என்றும் வற்புறுத்தவில்லை. கதவு திறக்கப்படல் வேண்டும் என்பதொன்றே அவர் கேட்பது. ஏனெனில் உள்ளே இருக்கும் குழந்தைக்கு அந்த அடைத்த கதவே பகை. 2009ஆம் ஆண்டு வரை போர் நிகழ்ந்த இத்தீவிலே, இப்பகுதிக்கு உரை தேவைப்படாத வீடுகள் பல உள்ளன.

இனி 45ஆம் பாட்டு. இப்போது முற்றுகை உறையூரிலே. வெளியே நலங்கிள்ளி, உள்ளே நெடுங்கிள்ளி. ஒன்பதே அடிகள். பனைமாலை சேரனுக்கும், வேப்பமாலை பாண்டியனுக்கும், ஆத்திமாலை சோழனுக்கும் அடையாளம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எதிரே நிற்பவன் பனையும் சூடவில்லை, வேம்பும் சூடவில்லை. உன் மாலையும் ஆத்தி, உன்னோடு பொருபவன் மாலையும் ஆத்தி என்கின்றார் புலவர். உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை. இப்பகை உங்களைப் போன்ற பிற வேந்தருக்கே உடல் பூரிக்கும் மகிழ்ச்சியைத் தரும் என்பது அதன் பொருள்.

பாட்டின் முற்பகுதியிலே ஒருமை. நின் மாலை, நின்னோடு பொருபவன் என்று ஒருவனை நோக்கிய பேச்சு. நடுவிலே அது பன்மையாகின்றது. நும் குடி, நும் செயல் என்று இருவரையும் ஒருங்கே விளிக்கின்றார். பகைவர் இருவரையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றார் என்றே கொள்ளலாம். ஆவூரில் ஊரின் துயரத்தைப் பேசியவர், இங்கே அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை, குடிப்பெருமையையே பேசுகின்றார். முற்றுகையிடுபவனுக்கு உள்ளிருப்போரின் பசி ஒரு படைக்கலம்; அதனைச் சொல்லி அவனை நிறுத்துதல் அரிது. பிற வேந்தர் நகைப்பர் என்பது அவனையும் சுடும். ஊரின் துயரம் ஏன் இப்பாட்டில் இல்லை என்று விடையிலே ஆராயும் மாணவர், இருப்பதை மட்டும் எழுதுபவரினும் மேலான விடை எழுதியவராவார்.

திணை துறைகளைப் பற்றியும் ஒரு சொல். இப்பாட்டு வஞ்சித்திணை, துணைவஞ்சித் துறை. வஞ்சி என்பது மண்ணாசையால் பிறன் நாட்டின்மேற் படை செலுத்துதல். துணைவஞ்சியோ, அவ்வாறு பொரச் சென்றவனைச் சந்து செய்து அமைத்தல். படையெடுப்பைப் பாடும் திணைக்குள்ளேயே படையைத் தடுக்கும் பேச்சுக்கும் ஓர் இடம் வகுத்திருக்கின்றனர். துறைப்பெயரை எழுதினால் ஒரு புள்ளி கிடைக்கலாம். அந்த இடத்தை விளக்கினால் கூடுதலாகவே கிடைக்கும். ஆயின் ஆவூர்ப் பாட்டை வாகைத்திணை, அரசவாகை என்று வகுத்திருக்கின்றனர். இடித்துரைக்கும் பாட்டு வெற்றியின் திணையிலே சேர்ந்தது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. துறைக்குறிப்பைப் பாட்டின் முடிந்த பொருளாக எண்ணற்க.

46ஆம் பாட்டிலே மன்னன் வேறு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், பகைவனாகிய மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்தான். புலவர் நீ என்றும் இவர் என்றும் இரு பக்கம் வகுக்கின்றார். நீ புறாவின் துயர் தீர்த்தவனுடைய வழித்தோன்றல். இவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்டவர் குடியினர். யானையைக் கண்டதும் இச்சிறுவர் அழுத அழுகையை மறந்துவிட்டனர். மன்றத்தை மருண்டு நோக்கி, முன்னர் அறியாத அச்சத்தோடு நிற்கின்றனர். இவ்வளவும் கூறி, கேட்டாயாயின் இனி நீ விரும்பியதைச் செய் என்று நிறுத்திவிடுகின்றார்.

தம்மைக் கொல்லப்போகும் யானையையே வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்! விடுதலை செய் என்னும் சொல் பாட்டில் இல்லை. இரக்கம் கொள் என்றுகூடக் கேட்கவில்லை. முடிவை மன்னன் கையிலேயே விட்டுவிடுகின்றார்; அதைவிடப் பெரிய நெருக்கடியை அவனுக்கு உண்டாக்க முடியாது.

47ஆம் பாட்டை விரைந்து கடக்கலாம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். பறவைபோல நெடுந்தொலைவு சென்று, பாடிப் பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு, சேர்த்து வையாது வாழும் இவ்வாழ்க்கை பிறருக்குத் தீங்கு நினைத்ததுண்டோ என்று கோவூர்கிழார் வினவுகின்றார். கல்வியால் மாற்றாரை நாணச் செய்தல் ஒன்றே புலவர் செய்யும் போர். அவ்வகையில் அவரும் மண்ணாளும் உம்மை ஒத்த தலைமையுடையோரே என்கின்றார். இரு பகைவரிடத்தும் சென்று பாடியவர் இப்படிப் பேசுவது தமக்காகவும் பேசியதாகும்.

இந்த நான்கையும் படித்தவர் கோவூர்கிழாரைப் போரை வெறுத்தவர் என்று எழுத விரும்புவர். அது கூடாது. இதே புலவர் 33ஆம் பாட்டிலே, பாண்டி நாட்டு ஏழெயிற் கோட்டையின் கதவை உடைத்துப் புலிச்சின்னம் பொறித்த நலங்கிள்ளியின் ஆற்றலைப் போற்றுகின்றார். வேற்றுக் குடியின் கோட்டை வீழ்ந்தால் அது புகழ். தன் குடிக்குள் போர் மூண்டால் அது பழி. இது அக்காலத்து அறம். அதனை மறைத்து அவரை நம் காலத்தவராக்குதல் நேர்மையன்று.

ஒப்பிடும் வினா வருமாயின், 213ஆம் பாட்டைத் துணைக்கு எடுத்துக்கொள்க. தன் மைந்தர்மேற் போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனை நோக்கி, வென்றால் நாட்டை எவருக்கு விட்டுச் செல்வாய் என்று புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்கும் பாட்டு அது. உறையூர்ப் பாட்டோடு அதனை அருகருகே வைத்துப் படிக்கலாம்.

இன்னும் ஒன்று. 45ஆம் பாட்டினுள்ளோ 46ஆம் பாட்டினுள்ளோ எந்த மன்னன் பெயரும் இல்லை. கிள்ளிவளவனும் மலையமானும் யார் என்பது, தொகுத்தோர் பிற்காலத்திற் சேர்த்த அடிக்குறிப்பிலிருந்தே நமக்குத் தெரியவருகின்றது. உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த நாள் முதலாக அக்குறிப்புக்களும் பாட்டுக்களோடு சேர்ந்தே அச்சாகி வருகின்றன. அவற்றை நுணுகிப் படித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். மலையமான் பிள்ளைகளைப் பற்றிய பாட்டுக்கும் இளந்தத்தனைப் பற்றிய பாட்டுக்கும், புலவர் பாடியதனால் அவர்கள் உயிர் பிழைத்தனர் என்னும் பொருள்படக் குறிப்பு உண்டு. ஆவூர் முற்றுகைக்கும் உறையூர் முற்றுகைக்கும் பாடினார் என்பது மட்டுமே உண்டு. பாட்டுப் பயன் தந்ததா என்பதைக் குறிப்பு எழுதியவர் சொல்லவில்லை. ஆயினும் 47ஆம் பாட்டின் குறிப்பிலே நெடுங்கிள்ளியின் பெயருக்கு முன்னே ஓர் அடைமொழி நிற்கின்றது: காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி. காரியாறு என்னும் இடத்தில் இறந்தவன் என்பது அதன் பொருள்.