தங்காள் எழுப்பிய அண்ணன்மார்

திருப்பூர் நகரில் விசுவேசுவர சுவாமி திருக்கோயிலும் வீரராகவப் பெருமாள் திருக்கோயிலும் அருகருகே அமைந்துள்ளன. சிவாலயத்தில் ஈசனுடன் எழுந்தருளியிருப்பவள் அன்னை விசாலாட்சி. அம்பிகை திருமாலின் தங்கை என்பது நம் முன்னோர் மரபு. ஆகவே, ஈசனை வணங்கிவிட்டுப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அடியார், தங்கையின் புகுந்த வீட்டிலிருந்து அவளுடைய பிறந்த வீட்டிற்கே நடந்து செல்கிறார் எனலாம். பனியன் கம்பெனிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அண்ணனும் தங்கையும் அங்கே அருகருகே அருள்பாலிக்கின்றனர்.

தெய்வங்களிடம் காணும் இவ்வுறவை மானிடர் போற்றும் திருநாள்களுள் தலையாயது கணு. தை மாதம் இரண்டாம் நாள் காலை, நீராடுவதற்கு முன்பாக, பெண்கள் மூத்த சுமங்கலிகளிடம் மஞ்சள் கீற்றிக்கொண்டு ஆசி பெறுவர். பின்னர் ஆற்றங்கரையிலோ வீட்டு மாடியிலோ மஞ்சள் இலைகளைப் பரப்பி, மஞ்சள் சோறு, குங்குமச் சோறு, வெண்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் ஆகியவற்றைச் சிறு சிறு பிடிகளாக வைத்துக் காக்கைகளை அழைப்பர். ஒரு பருக்கை கண்டாலும் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்பது காக்கை. அதுபோல் உடன்பிறந்தார் என்றும் ஒன்றுகூடி வாழ வேண்டும் என்பதே அந்த வேண்டுதல். தனக்கென்று எதையும் கேளாமல், தன் பிறந்த வீடு தழைக்க வேண்டும் என்று பெண் வேண்டும் நோன்பு இது. அதற்கு மறுமொழியாகவே சகோதரன் கணுச்சீர் அளிக்கிறான்.

வட மாநிலங்களில் இதே கருத்து வேறு வடிவம் கொள்கிறது. ஆவணிப் பௌர்ணமியில் தங்கை அண்ணன் கையில் காப்புக் கயிறு கட்டுகிறாள். தீபாவளியை அடுத்து வரும் யம துவிதியை நாளில், யமதர்மனே தன் தங்கை யமுனையின் இல்லம் சென்று விருந்துண்டதாகப் புராணம் கூறும். உயிர் கவரும் காலனும் தங்கையின் அழைப்பைத் தட்டவில்லை! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்த இளைஞர்கள், ஊரில் உள்ள சகோதரி அனுப்பிய கயிற்றைக் கையில் கட்டியபடியே தையல் இயந்திரத்தின் முன் அமர்வதை இன்று காண்கிறோம்.

கொங்கு நாட்டிற்கோ இவ்வுறவுக்கென்றே தனித் தெய்வங்கள் உண்டு. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் இருவரும் அவர்தம் தங்கை அருக்காணித் தங்காளுமே அவர்கள். குன்னுடையாருக்கும் தாமரை நாச்சியாருக்கும் ஒரே கருவில் உதித்தவர்கள் இம்மூவரும். உடுக்கை ஒலியோடு பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் இக்கதையைக் கேட்டு வளராத கொங்குக் கிராமம் அரிது. காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்னும் மேலைநாட்டு அறிஞர், 1965-ஆம் ஆண்டில் இக்கதையைப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். 1982-இல் அது குறித்து ஒரு நூலும் வெளியிட்டார்.

தங்கை கிளி வேண்டும் என்று கேட்க, அவள் விருப்பத்தை நிறைவேற்ற முனைந்தவர்கள் அந்த அண்ணன்மார். பகை மூண்டு, இறுதியில் இருவரும் களத்தில் உயிர் துறந்தனர். தங்காள் வீட்டில் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. காடெல்லாம் தேடி அலைந்தாள். பெரியகாண்டி அம்மனின் அருள் பெற்று, வீழ்ந்து கிடந்த அண்ணன்மாரை எழுப்பினாள். அவர்கள் எழுந்தனர், தங்கையோடு பேசினர், தங்கள் காலம் முடிந்தது எனக் கூறி மீண்டும் கண் மூடினர். விதியை மாற்ற அவளால் இயலவில்லை. ஆயினும் தங்கை அழைத்தபோது, இறந்த பின்னும் அண்ணன்மார் எழுந்து விடை கூறினர்.

மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது பக்தர்கள் கூடுவது இந்த நினைவைப் போற்றத்தான். அண்ணன்மார் கோயில்களில் படுகளம் நிகழும்போது, அருள் வந்து மயங்கி வீழ்ந்தவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவர். அக்காட்சியைக் கண்டு கண் கலங்காத பெண்கள் இல்லை.

இம்மரபு கோயிலோடு நின்றுவிடவில்லை. கொங்குத் திருமணத்தில் மணமகனுக்கு அவன் உடன்பிறந்தாள் இணைச்சீர் செய்கிறாள். உடன்பிறந்தாள் இல்லையெனில் தங்கை முறையுடைய ஒருத்தி அந்த இடத்தில் நிற்பாள். மனைவி வரும் நாளிலும் சகோதரியின் இடம் மாறாது என்று சபையறிய உறுதி கூறும் சடங்கு அது.

இத்தகைய நாட்டில் இன்று நடப்பது என்ன? ஒரு காலத்தில் மழையை நம்பியிருந்த மேட்டு நிலங்கள் தொழிற்சாலை மனைகளாகி விலை ஏறிவிட்டன. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுமைக்கும் 2005-லும் வந்த சட்டத் திருத்தங்கள் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான உரிமை வழங்கின. "இத்தனை காலம் சீர் செய்தோமே, இனிப் பங்கு எதற்கு?" என்கிறான் அண்ணன். "பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடுமோ?" என்று அஞ்சுகிறாள் தங்கை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பின் பேச்சு நின்ற குடும்பங்கள் எத்தனை! மரண வீட்டில் மட்டுமே சந்தித்துக்கொள்ளும் உடன்பிறப்புகள் எத்தனை!

சீர் என்பது அன்பின் அடையாளம்; பங்கு என்பது நியாயம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அண்ணன்மாரை வணங்கும் கைகளுக்கு அழகன்று. உரிமையைக் கொடுத்த பிறகு கொண்டுசெல்லும் ஒரு புடவையும் ஒரு படி மஞ்சளும் எந்த நிலத்தினும் மதிப்புடையவை. தங்கையும் கணுப்பிடி வைக்கும்போது, மனத்தாங்கல் கொண்ட அண்ணனின் பெயரையும் விடாமல் சொல்லி வேண்டட்டும்.

அறுபதையும் எழுபதையும் கடந்த நம்மிடையே, யார் முதலில் பேசுவது என்ற தயக்கத்திலேயே ஆண்டுகள் கழிகின்றன. தங்காள் காட்டைக் கடந்து சென்றாள்; நாம் ஒரு வாசற்படியைக் கடந்தால் போதும். வரும் கணுநாள் வரை காத்திராமல், உடன்பிறந்தார் உயிரோடிருக்கும்போதே அழைப்போம். அழைத்தவருக்கு எழுந்து விடை கூறுவோம். பெரியகாண்டி அம்மன் துணை நிற்பாளாக!